விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பினாங்கைக் காட்டுவோம்

பள்ளிக்கூடம் மூடிய மறுநாள் காலையில் நம்மவர் கடைகளுக்குள் நுழைந்தால் கல்லாவின் பக்கத்தில் புதிதாக ஒரு முகத்தைக் காணலாம். முதலாளியின் மகன், ஒன்பது வயதோ பத்து வயதோ இருக்கும். வாப்பா வாடிக்கையாளரோடு விலை பேசிக் கொண்டிருப்பார். பையன் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் அமர்ந்து கைப்பேசியில் கண்ணைப் பதித்திருப்பான். "வீட்டில் விட்டால் உம்மாவுக்குத் தொல்லை, இங்கே இருந்தால் தொழிலாவது படியட்டும்" என்பது நம்மில் பலர் சொல்லும் சமாதானம். தொழில் படிகிறதா? சில்லறை எடுத்துக் கொடுக்கவும், தேநீர் வாங்கி வரவும் படிகிறது. வேறொன்றும் இல்லை.

இதே வேளையில் கடை வாசலைக் கடந்து செல்கிறவர்களைப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பெற்றோர் தம் குழந்தைகளின் கையைப் பிடித்துக் கொண்டு வருகிறார்கள். இந்தத் தீவைத் தம் மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று பெரும் பொருள் செலவழித்து வருகிறார்கள். நம் பிள்ளைகளோ இத்தீவிலேயே பிறந்தவர்கள். பேருந்துக் காசு ஒன்றே அவர்களுக்குச் செலவு. ஆயினும் அவர்களுள் எத்தனை பேர் பினாங்கு மலை மேல் நின்றிருக்கிறார்கள்? சூலியா தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வார்கள்?

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு நம் குடும்பங்கள் கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருந்தன. மாடிப்படி இறங்கினால் தெரு. தெரு முனையில் பள்ளிவாசல். சற்று நடந்தால் கடல். யாரும் சொல்லித் தராமலே சிறுவர்கள் எல்லாவற்றையும் அறிந்து கொண்டார்கள். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 இறுதியோடு முடிவுக்கு வந்தது. பழைய வாடகை போயிற்று. பல குடும்பங்கள் நகரத்தின் நடுவிடத்தை விட்டுத் தொலைவிலுள்ள அடுக்குமாடிகளுக்குச் சென்றன. கடை இங்கே, வீடு அங்கே என்றாகிவிட்டது. ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, அந்தத் தெருக்களில் பிறந்து வளர்ந்த நம்மவரின் பேரப்பிள்ளைகள் பலர் அங்கே விருந்தாளிகள் போல் வந்து போகிறவர்கள் ஆகியிருந்தனர். முன்பு தானாகக் கிடைத்த கல்வியை இனி நாம் திட்டமிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

திட்டம் என்றதும் அஞ்ச வேண்டாம். வியாபாரிக்கு நேரமில்லை என்பது நாம் அறிந்ததே. ஆகவே நேரத்திலிருந்தே தொடங்குவோம். இது வெப்ப நாடு. நண்பகல் வெயிலில் குழந்தைகளை அலையவிடுவது அறிவன்று. சுபுஹு தொழுகை முடிந்ததிலிருந்து காலை பத்து மணி வரைக்கும் உள்ள பொழுதுதான் இத்தீவில் பொன்னான பொழுது. வெயில் ஏறியிராது, கூட்டம் இராது, நம் கடைகளில் பெரும்பாலானவையும் அதற்குப் பிறகே சூடு பிடிக்கும். வாரத்தில் இரண்டு காலைகள் போதும். ஒரு காலைக்கு ஓர் இடம். ஓர் இடத்திற்கு ஒரு கேள்வி. ஒரே நாளில் மலை, கோட்டை, கடற்கரை என்று இழுத்துச் சென்றால் இரவில் பிள்ளைக்கு நினைவில் நிற்பது குளிர்பானம் மட்டுமே. கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். திரும்பி வந்ததும் கண்டதைத் தமிழில் ஐந்து வரி எழுதட்டும். எழுத வராத சிறு குழந்தை படம் வரையட்டும்.

முதல் காலை கடைத்தெருவிலேயே கழியட்டும். பெயர்ப் பலகைகளைப் படித்துக் கொண்டே நடப்பது ஒரு நல்ல விளையாட்டு. மலாய்ப் பலகைகளில் ஒளிந்திருக்கும் தமிழ்ச் சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 'கெடாய்' என்பது நம் கடை. 'கப்பால்' என்பது கப்பல். 'பெத்தி' பெட்டி; 'காத்தில்' கட்டில்; 'குடாங்' கிடங்கு. எல்லாவற்றிலும் சுவையானது 'மோடால்'. வியாபாரத்தில் போடும் முதல்தான் அது. கடல் கடந்து வந்த நம் முன்னோர் சரக்கை மட்டும் இறக்கவில்லை, சொல்லையும் இறக்கினார்கள் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். அதிகமாகக் கண்டுபிடித்தவருக்கு ஒரு பரிசு கொடுங்கள்; பரிசு சிறியதாயினும் போட்டி பெரிதாக இருக்கும்.

சூலியா என்பது இக்கரையில் தமிழ் முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர். அத்தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. சற்றுத் தொலைவில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கம்பெனியார் காலத்தில் நம் சமூகத்தின் தலைவராக, அதாவது கப்பித்தானாக, இருந்த காதர் முகைதீன் அவர்கள் 1801இல் நிறுவியது அது. பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய ஆண்டு 1786. இரண்டுக்கும் இடையே எத்தனை ஆண்டு என்று கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்து! கப்பல் கூலிகளாகவும் சிறு வணிகர்களாகவும் வந்தவர்கள் அதற்குள் ஒரு பள்ளிவாசலுக்கு அடித்தளம் இட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கைப் பிள்ளை தானே போட்டால் நாம் பெருமை பேசத் தேவையில்லை.

கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அரை மணி நேரம் போதும். 1603ஆம் ஆண்டில் வார்க்கப்பட்ட டச்சுப் பீரங்கியைச் சிறுவர்கள் விரும்பிப் பார்ப்பார்கள். ஆர்மேனியன் தெருவில் 2012இல் தீட்டப்பட்ட சைக்கிள் ஓவியத்தின் முன் நின்று படம் எடுத்துக் கொள்வதிலும் பிழையில்லை. படத்தோடு திரும்பிவிடுவதுதான் நமக்கு உடன்பாடில்லாதது.

தெருவுக்கு அடுத்தபடி கடை. பிள்ளை கடையில் இருப்பதை நாம் வெறுக்கவில்லை. வெறுமனே இருப்பதைத்தான் வெறுக்கிறோம். கடையைப் போல் ஒரு பள்ளிக்கூடம் உண்டா? பழைய கணக்குப் புத்தகம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். பதினாறு தாஹில் ஒரு கட்டி. நூறு கட்டி ஒரு பிக்குல். ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். பாட்டனார் மூன்று பிக்குல் மிளகு வாங்கியிருந்தால் இன்றைய நிறையில் எத்தனை கிலோ? பள்ளியில் பெருக்கல் என்றால் ஓடுகிற பையன், தன் பாட்டனாரின் கையெழுத்தைக் கண்டால் பெருக்கிப் பார்ப்பான். நாம் ரிங்கிட்டை 'வெள்ளி' என்று சொல்கிறோமே, ஏன்? ஒரு காலத்தில் இத்துறைமுகத்தில் செல்லுபடியானது ஸ்பானிய வெள்ளி நாணயம். அதன் ஓரத்தில் இருந்த பற்களையே 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல் குறித்தது. ஒரே நாணயத்தில் மலாய்க்காரர் விளிம்பைப் பார்த்துப் பெயரிட்டார். நம்மவர் உலோகத்தைப் பார்த்துப் பெயரிட்டார்!

மளிகைச் சரக்கு விற்போர் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் இரண்டு மரத்தில் விளைகின்றனவா, ஒரு மரத்திலா? கருமிளகுக்கும் வெள்ளை மிளகுக்கும் கொடி வேறா? கிராம்பு காயா, விதையா? விலை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இவை தெரிவதில்லை. விடையை நாமே சொல்லிவிடாமல் தெலுக் பஹாங்கில் உள்ள வாசனைத் திரவியத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அமைந்து 2003இல் திறக்கப்பட்டது அது. ஒரே கனிக்குள் கொட்டை ஜாதிக்காயாகவும், அதைச் சுற்றிய சிவந்த வலை ஜாதிபத்திரியாகவும் இருப்பதை அங்கே நேரில் அறியலாம். ஒரே கொடியின் மணிகளைத் தோலோடு உலர்த்தினால் கருமிளகு, ஊறவைத்துத் தோல் நீக்கினால் வெள்ளை மிளகு. கிராம்போ மலராத மொட்டு. கம்பெனியார் மலுக்குத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய்க் கன்றுகளையும் கிராம்புக் கன்றுகளையும் கொண்டுவந்து பினாங்கில் நட்ட வரலாற்றையும் அந்த மர நிழலிலேயே சொல்லிவிடலாம். 1860ஐ ஒட்டி நோய் வந்து ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. ஒரே பயிரை நம்பிய முதலாளிகள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குப் பொருத்தமானதே. திரும்பும் வழியில் பாலிக் பூலாவ் பக்கம் போனால் ஜாதிக்காய்ச் சாறு குடிக்கலாம். அதன் புளிப்பும் மணமும் பாடத்தை மறக்கவிடா.

எங்கும் போக இயலாத நாளில் வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ செய்யக்கூடியது ஒன்றுண்டு. செலவு ஒரு கம்பு. ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பை நேராக நட்டு, நண்பகலில் அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். பையன் பன்னிரண்டு மணிக்கு அளக்க ஓடுவான். நிழல் மேலும் குறுகிக் கொண்டே போவதைக் கண்டு திகைப்பான். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1 மணி 20 நிமிடத்திற்கு. நம் லுஹர் பாங்கு அதற்குச் சற்றுப் பின் ஒலிப்பதன் காரணம் இதுவே. நாகூரில் அதே உச்சி அவர்கள் கடிகாரத்தில் 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி வருகிறது. நம் கடிகாரம் 120ஆம் பாகை நெடுங்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. பினாங்கோ 100ஆம் பாகையில் இருக்கிறது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததை நம் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

டிசம்பர்ப் பிற்பகுதியில் அந்த நண்பகல் நிழல் வடக்கே ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் விழும். ஜூன் பிற்பகுதியில் தெற்கே 32 சென்டிமீட்டர். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தையொட்டியும் நிழலே இராது. ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் நேரம், பொருளின் நீளத்தோடு உச்சி நிழலும் சேர்ந்த அளவுக்கு நிழல் நீளும்போது தொடங்குகிறது. டிசம்பரில் நம் கம்பின் நிழல் 1 மீட்டர் 55 சென்டிமீட்டர் ஆகும் நேரத்தைக் குறித்துக் கொண்டு தொழுகை அட்டவணையோடு ஒப்பிடட்டும். ஹனஃபி வீடுகளில் 2 மீட்டர் 55 சென்டிமீட்டர் வரை காத்திருக்கட்டும். மத்ரஸாவில் படித்த பாடமும் பள்ளியில் படித்த பூகோளமும் ஒரு கம்பின் அடியில் சேர்ந்துவிடும்.

மலைக்குப் போகும் நாளில் ஒரு வெப்பமானியைக் கையில் கொடுங்கள். அடிவாரமான ஆயர் ஈத்தாமில் ஒரு முறை, மேலே ஒரு முறை பார்த்து எழுதட்டும். நூறு மீட்டர் உயரத்துக்கு அரைப் பாகைக்குச் சற்று அதிகமாக வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. எழுநூறு மீட்டர் ஏறினால் எவ்வளவு என்று மேலே போகுமுன் சொல்லச் செய்து, பிறகு சரிபாருங்கள். 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் நடுவழியில் வண்டி மாறி ஏற அரை மணி ஆகும். 2011இல் வந்த புது வண்டி சில நிமிடங்களில் ஏற்றிவிடுகிறது. உள்ளூர் அடையாள அட்டைக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. எடுத்துச் செல்ல மறவாதீர். முதல் வண்டிக்கே போய்விட வேண்டும். பதினோரு மணிக்கு மேல் அங்கே காண்பது வரிசைதான்.

1884இல் அமைந்த தாவரவியல் பூங்காவுக்குச் செலவே இல்லை. நாகலிங்க மரத்தின் பூவும் காயும் அடிமரத்திலேயே தொங்குவது குழந்தைகளை வியக்க வைக்கும். குரங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது. நம்மவர் சிலர் பொட்டலத்தோடு போவதைக் கண்டிருக்கிறோம். பிள்ளைகளின் முன் அப்படிச் செய்வது அழகன்று.

இனிக் கடல். கடல் கடந்து வந்த சமூகத்தின் பிள்ளைகள் கடலைக் கண்டு அஞ்சுவதும், அஞ்சாமல் போய் ஆபத்தில் சிக்குவதும் இரண்டுமே வருத்தத்திற்குரியன. முதலில் ஒரு படகுப் பயணம். 2023இல் வந்த புதிய படகுகள் கால் மணி நேரத்திற்குள் பட்டர்வொர்த்தில் சேர்த்துவிடும். நடுக்கடலில் திரும்பி நின்று தீவைப் பார்க்கச் சொல்லுங்கள். ராஜுலா கப்பலின் மேல்தளத்தில் நின்ற பாட்டனார் கண்ட காட்சி ஏறக்குறைய அதுவே, மலை மாறவில்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. பின்னர் வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் பயணமே நின்று போயிற்று. அக்கப்பல்களில் வந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று, "அப்பா, கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள்? எங்கே படுத்தீர்கள்? முதல் இரவு பினாங்கில் எங்கே தங்கினீர்கள்?" என்று மூன்று கேள்வி கேட்கச் செய்யுங்கள். விடைகளை எழுதி வைக்கட்டும். இந்த வேலையை மட்டும் அடுத்த விடுமுறைக்குத் தள்ளி வைக்க முடியாது.

அடுத்து, கடலின் குணம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள். அன்று காலை சுமாத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. நண்பகலுக்குப் பின் பினாங்குக் கரையில் அலை ஏறியது. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கைச் சேர்ந்த கரைகளில் இறந்தவர்கள். கடற்கரையில் பொழுது போக்க வந்த குழந்தைகளும் அவர்களுள் உண்டு. அதே அலை நாகப்பட்டினத்தையும் நாகூரையும் அடித்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு போயிற்று. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: சுமாத்ராவுக்கு அருகில் உள்ள பினாங்கை விட, வங்காள விரிகுடாவின் மறுகரையில் உள்ள நாகப்பட்டினத்தை அலை முன்னதாக எட்டியதே, எப்படி? தேசப்படத்தை விரித்துக் கொண்டு யோசிக்கட்டும். ஆழ்கடலில் அவ்வலை விமானத்தின் வேகத்தில் செல்லும். ஆழம் குறைந்த மலாக்கா நீரிணையில் அதன் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். சுமாத்ராவின் வடமுனையைச் சுற்றியும் வர வேண்டியிருந்தது. சிறிய பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று போதும்: நிலம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, மீன் பொறுக்க ஓடாமல் மேட்டை நோக்கி ஓடு. இதை விளையாட்டாகவே பழக்கலாம். கடற்கரைக்குப் போன உடனே, "மேடு எங்கே?" என்று கேளுங்கள், முதலில் காட்டுகிறவருக்கு முதல் ஐஸ்கிரீம்.

பத்து பிரிங்கி பக்கம் கொட்டும் நுங்கு மீன்கள் வருவதுண்டு. பெட்டி வடிவ நுங்கு மீன் உயிருக்கே ஆபத்தானது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் நீரில் இறங்கவே கூடாது. பட்டுவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரை ஊற்றி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒரு புட்டி வினிகர் எந்தக் கடையில் இல்லை? பையில் போட்டுக் கொள்ளுங்கள். கடலில் விளையாடுவதற்கு முன் குளத்தில் நீந்தக் கற்பிப்பது நல்லது. பெண் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் இடத்தை விசாரித்து, ராத்தாமார் பொறுப்பில் அனுப்பலாம். உடல் மூடிய நீச்சலுடை இப்போது நம்மவர் ஜவுளிக் கடைகளிலேயே விற்கிறது! தண்ணீர் ஆண், பெண் பார்ப்பதில்லை.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களைத் தெலுக் பஹாங்கிலுள்ள தேசியப் பூங்கா வழியாகக் கெராச்சுட் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாம். நடை ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆகும். திரும்பப் படகு கிடைக்கும். அங்கே ஆமைக் காப்பகம் இருக்கிறது. மணலின் சூட்டைப் பொறுத்தே ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்று அமைகிறது; சூடு மிகுந்தால் பெண். பக்கத்தில் ஓர் ஏரி உண்டு. மழைக்காலத்தில் அதில் மேலே நன்னீரும் கீழே கடல் நீரும் கலவாமல் நிற்கும்.

சில அன்பர்கள், "எனக்குக் கடையை விட்டு வர ஆளில்லை" என்பார்கள். மெய்தான். அதற்காகத்தான் நான்கு குடும்பங்கள் சேர வேண்டும் என்கிறோம். நால்வரில் ஒருவர் ஒரு காலைக்குப் பொறுப்பேற்றால், ஒவ்வொருவரும் கடையை விட வேண்டியது இரண்டு வாரத்தில் ஒரு முறை. ஊரிலிருந்து விருந்தாக வந்திருக்கும் அக்கா, தங்கை பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய கடமை வந்தவுடன் நம் பிள்ளைகள் விழித்துக் கொள்வார்கள். ஆனால் தம் முறை வரும்போது கடைப் பையனை அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். வாப்பாவே வர வேண்டும். மலையையும் கடலையும் விட, பத்து மணி வரை வாப்பா தன்னோடு இருந்தார் என்பதே அந்த நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதப்படும்.

எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர் என்பது குறைந்த அளவு. தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். தொப்பி, மழைக்கு ஒரு மேலாடை, கொசுவுக்கு முழுக்கைச் சட்டை ஆகியவை வேண்டும். டெங்கி பரப்பும் கொசு கடிப்பது காலையிலும் மாலையிலும்தான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. அந்த மாதங்களில் மலையையும் காட்டையும் விட்டுத் தெருவையும் கடையையும் வைத்துக் கொள்ளலாம். பசியாறுவதற்கு நாசி கண்டார் கடை எந்தப் பக்கமும் உண்டு. அந்தப் பெயருக்குக் காரணம் என்ன என்று சாப்பாடு வருமுன் கேளுங்கள். தோளில் ஒரு தடி, இரு முனையிலும் ஒரு கூடை, ஒன்றில் சோறு, ஒன்றில் கறி. நம் காவடியைப் போல் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். அவ்வாறு தோளில் சுமப்பதற்கு மலாயில் கண்டார் என்று பெயர்.